ஜக்கார்டு ஒரு மனிதரின் பெயர்

திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பொதட்டூர்பேட்டை. அந்த ஊர்த் தெருவில் கால் வைப்பவர் காதில் முதலில் விழுவது பேச்சொலி அன்று, தறியொலி. கைத்தறியின் மெல்லோசையை விசைத்தறியின் இரைச்சல் விழுங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் ஊர் இன்னமும் நூலை நம்பித்தான் உலை வைக்கிறது. அங்குள்ள நெசவாளர் எவரையேனும் நிறுத்தி, ஜக்கார்டு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சொல்வார்: தறிக்கு மேலே நிற்கும் பெட்டி, அதில் மாலையாகத் தொங்கும் ஓட்டை அட்டைகள், சேலையின் கரையிலே கொடியையும் மயிலையும் மாங்காயையும் கொண்டுவந்து இறக்கும் கருவி.

ஆனால் அது ஒரு மனிதரின் பெயர், தறிக்கூடத்திலே பிறந்து வறுமையிலே உழன்ற ஒரு நெசவாளி மகனின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பொறியின் பெயர் நிலைத்தது; மனிதர் மறைந்துவிட்டார். அவரோடு, அவர் காலத்து நெசவாளர் எழுப்பிய கேள்வியும் மறைந்துவிட்டது.

அந்தக் கேள்வியை நாம் இன்று மீண்டும் எடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்றொரு புதுப் பொறி உலகை வலம் வருகிறது. அது எழுதுகிறது, வரைகிறது, கணக்குப் பார்க்கிறது, சேலைக்குப் புதுப் புட்டாவும் போட்டுத் தருகிறது. அதை வரவேற்பவர் ஒரு பக்கம், வெறுப்பவர் ஒரு பக்கம். இரு சாராரும் ஒரு நிமிடம் அமர்ந்து, ஜோசப் மரி ஜாக்காரின் வாழ்க்கையைக் கேட்பது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரம், நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ அப்படிப் பட்டுக்குப் பெயர் பெற்றது. அந்நகரில் 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் ஜாக்கார் பிறந்தார். தந்தை பூவேலைப் பட்டு நெய்யும் நெசவாளர். தாயார், தறிக்கு ஏற்றவாறு உருவரையைப் படித்துச் சொல்லும் தொழில் செய்தவர். வீடே தறிக்கூடம், தறிக்கூடமே பள்ளிக்கூடம். பதின்மூன்று வயது வரை எழுத்து வாசனையே இல்லாமல் வளர்ந்த அவருக்கு, அச்சுத் தொழிலும் புத்தகத் தொழிலும் அறிந்த மைத்துனர் ஒருவர்தாம் எழுத்தறிவித்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

அந்நாளில் பூவேலைப் பட்டு நெய்வது எப்படி? தறியின் முன்னே நெசவாளர் அமர்ந்திருப்பார். பாவு நூல்களைக் கட்டிய கயிறுகளைப் பக்கத்திலிருந்து இழுப்பதற்கு இன்னொரு கை வேண்டும். எந்த நூல் உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்று ஒவ்வோர் ஊடைக்கும் கயிறுகளைப் பிரித்து இழுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் யாரை வைத்தார்கள்? குழந்தைகளை! காலை முதல் இரவு வரை குனிந்தும் வளைந்தும் கயிறு இழுத்து, உடல் கோணிப்போன பிள்ளைகள் லியோன் நகரத்தில் ஏராளம். ஜாக்காரும் சிறு வயதில் அப்படிக் கயிறு இழுத்தவர் என்று சொல்லப்படுகிறது. நம் காஞ்சிபுரத்திலும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைத்து வேலை வாங்கிய காலம் நமக்கு மறந்துவிடவில்லை. ஆகவே, பிறகு வந்த பொறி எந்தத் துன்பத்தைத் துடைக்கப் பிறந்தது என்பதை நம் நாட்டாருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1772-இல் தந்தை இறந்தார். தறிகளும் சிறிது சொத்தும் மகனுக்கு வந்தன. வந்த வேகத்திலேயே கரைந்தும் போயின. 1778-இல் கிளாடின் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். வறுமை வாட்டியது. கிடைத்த கூலி வேலைகளையெல்லாம் செய்து பிழைத்தார். இதற்கிடையே பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793-இல் லியோன் நகரம் பாரிஸ் ஆட்சியை எதிர்த்து முற்றுகைக்கு உள்ளானபோது ஜாக்கார் நகரைக் காக்கும் அணியிலே நின்றார். நகரம் வீழ்ந்தது. தப்பி ஓடிய தந்தையும் மகனும் புரட்சிப் படையிலேயே சேர்ந்து கொண்டனர். போரிலே மகன் மாண்டான். மகனைப் பறிகொடுத்த தந்தை, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். வயது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. இனி இவரால் என்ன ஆகப்போகிறது என்று உலகம் கணக்கை முடித்துவிடும் வயது அது. அவருக்கோ அங்கேதான் கணக்குத் தொடங்கிற்று.

1801-இல் பாரிஸ் கண்காட்சியிலே தாம் அமைத்த தறி ஒன்றைக் காட்டி வெண்கலப் பதக்கம் பெற்றார். பிறகு வலை பின்னும் இயந்திரம் ஒன்றை ஆக்கினார். சர்க்காரின் பார்வை அவர்மீது விழுந்தது. பாரிஸுக்கு அழைக்கப்பட்டார். அங்கே இருந்த தொழிற்கலைக் காட்சிசாலையில், உடைந்தும் தூசு படிந்தும் கிடந்த ஒரு பழைய தறியை அவர் கண்டார். அது வோகான்சன் என்ற பேரறிஞர் 1745-ஆம் ஆண்டளவில் செய்து வைத்தது. அந்த வோகான்சன் வேறு யாருமல்லர். பட்டுத் தொழிலுக்குப் புதுச் சட்டதிட்டம் கொண்டுவந்ததற்காக 1744-இல் லியோன் நெசவாளரின் கோபத்துக்கு ஆளாகி ஊரை விட்டே ஓடியவர்தாம்! அவருக்கும் முன்னே, 1725-இல் பூஷோன் என்பவர் ஓட்டையிட்ட காகிதச் சுருளால் பாவு நூலைத் தேர்ந்தெடுக்கும் வழி கண்டார். 1728-இல் பால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். இவர்கள் விட்ட இடத்திலிருந்து நூலை எடுத்து முடிச்சுப் போட்டவர் ஜாக்கார். 1804-ஆம் ஆண்டில் அவருடைய பொறி உருவாயிற்று.

அதன் நுட்பத்தை நம் நெசவாளத் தோழர்கள் அறிவார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்குமிடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி மேலெழும். கொக்கியோடு பாவு நூலும் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தடைப்பட்டுப் பின்வாங்கும். அந்த நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாடா ஒருமுறை குறுக்கே ஓடியதும் அடுத்த அட்டை வந்து நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்கள்தாம்! அந்த இரண்டு சொல்லைக் கொண்டு ரோஜாவையும் கிளியையும் அரசரின் முகத்தையும் பட்டிலே எழுதிவிட முடிந்தது. கயிறு இழுக்கும் குழந்தை இனி வேண்டாம். இருவர் செய்ததை ஒருவர் செய்யலாம்.

1805 ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்து அந்தத் தறியைப் பார்வையிட்டார். பொறியின் உரிமை நகரத்துக்கே சொந்தமாக்கப்பட்டது. கண்டுபிடித்தவருக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு மூவாயிரம் பிராங்கு உதவித்தொகை; ஆறாண்டு காலம் தறி ஒன்றுக்கு ஐம்பது பிராங்கு வீதம் வெகுமதி. இந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. தனி முதலாளி ஒருவன் அந்த உரிமையைப் பெட்டியிலே பூட்டி வைக்காமல் பொதுவுடைமை ஆக்கியது மெச்சத்தக்கதே. அறிவாளிக்கு உரிய மரியாதையைச் சர்க்கார் செய்தது, பொறிக்கும் ஒரு வழி செய்தது. ஆனால் அந்தப் பத்திரத்திலே ஒரு வரி எழுதாமல் விடப்பட்டது. இருவர் வேலையை ஒருவர் செய்யும்போது மிச்சமாகும் கூலி யாருக்குப் போய்ச் சேரும்? அந்த வரியை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எழுதாத வரியை மக்கள் தாமாகவே படித்துக்கொண்டார்கள். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர் கொதித்தெழுந்தனர். ஜாக்காரின் தறிகளை நகர நடுவிலே போட்டு உடைத்துக் கொளுத்தினார்கள் என்றும், அவரையே ஆற்றிலே தள்ளப் பார்த்தார்கள் என்றும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் 1811 முதல் நெசவுத் தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். அவர்களுக்கு அங்குள்ள ஆட்சி தந்த விடை, இயந்திரத்தை உடைப்பவனுக்குத் தூக்குத் தண்டனை என்ற 1812-ஆம் ஆண்டுச் சட்டம். இரும்புக்கு ஒரு நீதி, எலும்புக்கு ஒரு நீதி!

அந்த நெசவாளர் அறியாமையால் அப்படிச் செய்தார்கள் என்று எழுதி முடித்துவிடுவது பாடப்புத்தகங்களின் வழக்கம். நாம் அதை ஏற்பதற்கில்லை. ஏனென்றால், அதே லியோன் நெசவாளர் பிற்பாடு அந்தப் பொறியைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டனர். 1812-க்குள் பிரான்சில் பதினோராயிரம் ஜக்கார்டுத் தறிகள் ஓடின என்பது பலரும் தரும் கணக்கு. பிரெத்தோன் என்ற இயந்திர வல்லுநர் அதன் குறைகளைத் திருத்திய பின் அது இன்னும் பரவிற்று. உயரமான அந்தத் தறி நிற்பதற்காகக் குரூவா ரூஸ் என்ற மேட்டுப் பகுதியில் கூரையை உயர்த்தி வீடுகள் கட்டினார்கள். தறிக்காக வீட்டையே உயர்த்தியவர்களை இயந்திரத்தின் பகைவர் என்று எப்படிச் சொல்வது?

வீடு உயர்ந்தது. கூலி உயர்ந்ததா? இல்லை. நூலும் உருவரையும் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் வணிக முதலாளிகள் சில நூறு பேர். சொந்தத் தறி வைத்திருந்தும் கூலிக்கு நெய்யும் நெசவாளர் பல்லாயிரவர். இந்த ஏற்பாட்டை நாம் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதல்லவா? தறி உன்னுடையது, தறிக்கு வாங்கிய கடன் உன்னுடையது, விலை மட்டும் என்னுடையது என்பதுதான் அன்றைய முதலாளிகள் கொண்ட நியாயம். வெளிநாட்டுப் போட்டி, மலிவுச் சரக்கு என்ற காரணங்களைக் காட்டிக் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

1831-இல் நெசவாளர் ஒன்று கூடினர். தறியை ஒழி என்றா கேட்டார்கள்? இல்லை. ஜாக்காரைத் தண்டி என்றா கேட்டார்கள்? அதுவும் இல்லை. குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றை எழுத்திலே நிர்ணயம் செய் என்று கேட்டார்கள். இரு தரப்புப் பிரதிநிதிகளும் மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னிலையில் அமர்ந்து அக்டோபர் 25-ஆம் நாள் விகிதம் ஒன்றை ஒப்புக்கொண்டனர். ஊரே களித்தது. ஆனால் முதலாளிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர், இதற்குச் சட்ட பலம் ஏது என்று கேட்டு மறுத்துவிட்டனர். பாரிஸ் சர்க்காரும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. நவம்பர் 21-ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது. இரத்தம் சிந்தியது. நகரமே நெசவாளர் கைக்கு வந்தது. வந்தபின் அவர்கள் கொள்ளையடிக்கவில்லை. கொள்ளையைத் தடுக்கக் காவல் நின்றார்கள். டிசம்பரில் பெரும்படை வந்து புகுந்தது. கூலி விகிதம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. விகிதம் எழுத உதவிய ஆட்சித் தலைவர் பதவியிழந்தார். 1834 ஏப்ரலில் நெசவாளர் மீண்டும் எழுந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன.

இவையெல்லாம் நடந்தபோது ஜாக்கார் லியோனுக்குப் பக்கத்திலுள்ள ஊல்லேன் என்ற சிற்றூரில் முதுமையைக் கழித்துக் கொண்டிருந்தார். 1819-இலேயே நாட்டின் உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் பெருஞ்செல்வர் ஆகவில்லை, ஆசைப்பட்டவராகவும் தெரியவில்லை. ஏப்ரலில் அந்தக் குண்டோசை ஓய்ந்த நான்கு மாதத்தில், 1834 ஆகஸ்டு 7-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். 1840-இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை எடுத்தது. குழந்தைகளின் கையிலிருந்து கயிற்றை வாங்கிவிட்ட அந்த மனிதருக்குச் சிலை தகும். எந்தக் கைக்கும் நியாயமான கூலி வாங்கித் தர அவருடைய பொறியால் முடியவில்லை. அது பொறியின் வேலையும் அன்று. மனிதர் கூடிச் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் விட்டவர்கள்தாம் குற்றவாளிகள்.

அந்த ஓட்டை அட்டை தறியோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் கணித மேதை சார்லஸ் பாபேஜ், 1830-களில் தாம் கற்பனை செய்த கணக்கிடும் பொறிக்கு ஜக்கார்டு அட்டைகளையே வழிகாட்டியாகக் கொண்டார். இருபத்து நான்காயிரம் அட்டைகளால் பட்டிலே நெய்யப்பட்ட ஜாக்காரின் உருவப்படம் ஒன்றை அவர் தம்மிடம் பொக்கிஷமாக வைத்திருந்தார். 1890-இல் அமெரிக்காவின் குடிக்கணக்கு ஓட்டை அட்டைகளால் எண்ணப்பட்டது. 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனி எடுத்த குடிக்கணக்கிலும் அத்தகைய அட்டைகள்தாம் பயன்பட்டன. யார் யூதர் என்பதும் அதிலே எண்ணப்பட்டது. அந்தக் கணக்கை விரும்பிய ஆட்சி பிறகு என்ன செய்தது என்பதை உலகறியும். பூவை எழுதிய அதே முறை, பலி கொடுப்பதற்குப் பட்டியல் எழுதவும் உதவிற்று! அட்டைக்கு நன்மை தீமை தெரியாது. அதை ஏவுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அவனை ஏன் என்று கேட்கிறவர்களும் இருந்தாக வேண்டும்.

உண்டு, இல்லை என்ற அந்த இரண்டு சொல்லே இன்று கணிப்பொறியின் மொழி. செயற்கை நுண்ணறிவும் அந்த மொழியில்தான் சிந்திப்பதுபோல் நடிக்கிறது. ஊர் ஊராக நெசவாளரும் உருவரை எழுதுவோரும் தலைமுறை தலைமுறையாகக் கட்டத்தாளில் போட்ட வேலைப்பாடுகளைப் படமாக விழுங்கி, புதிது புதிதாக ஒரு நொடியில் அது வரைந்து தள்ளும். அது யாருடைய கைவண்ணத்தைக் கற்றுக்கொண்டதோ அந்தக் கைக்கு ஒரு காசு உண்டா? 1805-இல் எழுதாமல் விட்ட வரி இன்றும் எழுதப்படாமலே இருக்கிறது என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல!

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். கைத்தறியைச் சிறிது சிறிதாக விசைத்தறியாக மாற்றிவிடலாம் என்று கனுங்கோ குழு 1954-இல் யோசனை கூறியது. மறுபுறம், சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் மத்திய சட்டம் வந்தது. முதலில் 22 வகை. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பும் கூறியது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. ஒதுக்கிய வகைகளை விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்பவரும் சந்தையிலே இருக்கின்றனர். ஆனால் விசைத்தறியாளரைப் பகைவராகக் காட்டுவதிலும் நமக்கு உடன்பாடில்லை. அவர் கைத்தறியாளரின் அண்ணனோ தம்பியோ மகனோதான். கடன் வாங்கி விசைத்தறி போட்டவருக்குக் கூலியை நிர்ணயிப்பவர் இன்னொருவர்.

லியோன் கதை பழங்கதை என்று எண்ணுவோர் கோவை, திருப்பூர் மாவட்டங்களைப் பார்க்கட்டும். அங்குள்ள கூலி விசைத்தறியாளர் பல்லாண்டாகக் கூலி உயர்வு கேட்டு வந்தனர். 2021 நவம்பரில் பேச்சுவார்த்தை நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதமும் உயர்வு என்று முடிவாயிற்று. அது நடைமுறைக்கு வராமற் போகவே, 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். ஒப்புக்கொண்ட கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1831 அக்டோபரில் லியோன் நெசவாளர் கேட்டதும் இதைத்தானே! நூற்றுத்தொண்ணூறு ஆண்டு ஓடியிருக்கிறது. தறி எத்தனையோ மாறியிருக்கிறது. நாடாவே இல்லாத தறியும் வந்துவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆகவே நம் கருத்து இது. புதுப் பொறி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதுகு வளைந்து கயிறு இழுத்த குழந்தையை நினைத்துப் பார்க்கும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆனால் பொறி நல்லதா கெட்டதா என்று வாதாடிக்கொண்டே காலத்தைப் போக்குவது, கூலியைப் பற்றிப் பேசவிடாமல் செய்கிறவர்களுக்கே உதவும். விஞ்ஞான நெறி, ஒழுக்க நெறி என்று மாநாடுகளில் பெரிய பெரிய சொற்களைப் பேசுகிறார்கள். பேசட்டும். பொதட்டூர்பேட்டைத் தறிமேடையில் அந்த நெறிக்குப் பெயர் கூலி. பொறி வருவதற்கு முன்பே, அதனால் மிச்சமாகும் நேரமும் பணமும் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதப்பட வேண்டும். எழுதியதில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்குச் சட்டம் காவல் நிற்க வேண்டும். அட்டைக் கோத்து முடிக்குமுன் யாரும் தறியை ஓட்டுவதில்லை. கூலியைக் கோக்காமல் மட்டும் ஏன் ஓட்ட வேண்டும்?

பொதட்டூர்பேட்டையில் இன்றிரவும் தறிகள் ஓடும். தார் சுற்றும் பெண்களும், அறுந்த பாவை முடிந்து நிற்கும் முதியவர்களும் இரைச்சலுக்கிடையே ஜக்கார்டின் பெயரைச் சொல்லுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணிப்பொறி படிக்கிறார்கள். நாளை அந்தப் பொறிகளை ஆக்கப்போகிறவர்களும் அவர்களே. நெசவாளி மகன் ஒருவர் ஆக்கிய பொறியாலேயே நெசவாளிகள் கலங்கிய கதையை அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும். விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுத வேண்டிய பொறுப்பு சர்க்காருக்கு உண்டு. அதை எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு.